பரிசலில் இன்னொரு ஆள்

அக்டோபர் 5, ஞாயிறு

காலை மாத்திரை போட்டார். ராத்திரி மாத்திரை போட்டார். வலிப்பு இல்லை.

டாக்டர் அம்மா எழுதச் சொன்னது இவ்வளவுதான். தேதி, இரண்டு வேளை மாத்திரை, வலிப்பு வந்ததா, வந்தால் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். டிசம்பர் ஐந்தாம் தேதி நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறார். நான் வாங்கியது நூற்றிருபது பக்க நோட்டு. தினம் மூன்று வரிக்கு இது அதிகம். மிச்ச இடத்தில் எனக்குத் தோன்றுவதை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ப்ளஸ் டூ முடித்த பிறகு மளிகைச் சீட்டைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை.

இவருக்கு முதல் தடவை வந்தது ஆடி மாதம், ஏரி நடுவில், பரிசலில். கூட இருந்தவர் கன்னியப்பன் அண்ணன். பதினாறு வருஷமாக இருவரும் ஒரே பரிசலில் போகிறவர்கள். வெறும் வயிற்றோடு போனதால் பித்த மயக்கம் என்று அவரிடம் சொல்லிவிட்டோம். இரண்டாவது தடவை போன மாதம் வீட்டில், என் கண் முன்னால். நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம். சென்னையில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தலைக்குள் படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை, வலிப்பு நோய்தான், மாத்திரையில் அடங்கும் என்றார்கள்.

"கொஞ்ச நாளைக்குத் தண்ணி பக்கமே போகவேணாமே" என்றார் டாக்டர் அம்மா.

"எனக்குத் தெரிஞ்ச தொழிலே அதாம்மா" என்றார் இவர்.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "அப்படின்னா தனியா போகவே கூடாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணும். பரிசல்ல இன்னொரு ஆள் இருக்கணும். அந்த ஆளுக்கு உங்க விஷயம் தெரிஞ்சிருக்கணும்."

விஷயம் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

அக்டோபர் 7

மாத்திரை இரண்டு வேளையும். வலிப்பு இல்லை.

கன்னியப்பன் அண்ணனிடம் சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடியும் என்று நேற்றும் சொல்லிப் பார்த்தேன். இவர் கேட்கவில்லை. இவருடைய சித்தப்பாவுக்கு இதே வியாதி இருந்ததாம். தெருவில் விழுந்தால் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். கல்யாணம் காட்சிக்கு யாரும் கூப்பிட மாட்டார்களாம். "எனக்குப் பேர் இருக்குது, தாமோதரன்னு. காக்காவலிப்புக்காரன்னு இன்னொரு பேர் வாண்டாம்" என்றார்.

சங்கத்துப் பயமும் உண்டு. ஏரியில் மீன் பிடிக்க மீனவர் சங்கம்தான் பாஸ் கொடுக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்த ஒருவரின் பாஸைத் தலைவர் எத்திராஜ் பிடுங்கிக்கொண்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. நெஞ்சுவலிக்கே அப்படி என்றால் இதற்கு?

ஆக, இன்று சாயங்காலம் வலை விட நான் பரிசலில் ஏறினேன். கன்னியப்பன் அண்ணனிடம் இவர் போய், "இனிமே வேதவல்லி வரேன்னு சொல்லுது, வீட்ல சும்மாதான கீது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அண்ணன் தன் துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

பரிசல் எனக்கு ஒத்துவரவில்லை. தரையில் உட்கார்ந்தால் தரை அசையாது என்ற நம்பிக்கையில் நாற்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவள் நான்.

அக்டோபர் 8

மாத்திரை சரி. வலிப்பு இல்லை.

வாந்தி எடுத்தேன். நான்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாத்திரை சரி. வலிப்பு இல்லை.

ஒரு வாரத்தில் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டேன். முதல் மூன்று நாள் பரிசல் இருந்த இடத்திலேயே ராட்டினம் சுற்றியது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏ வேதா, சென்னைக்குத் தண்ணி குடுக்கிற ஏரிய மோர் கடையறியா நீ?" என்றார். துடுப்பைப் பக்கத்தில் போடக்கூடாது, முன்னால் போட்டு எட்டு வரைவதுபோல் இழுக்க வேண்டும். அது கைக்கு வந்தபின் பரிசல் நான் சொன்னபடி கேட்கிறது. இந்த வீட்டில் நான் சொன்னபடி கேட்கிற முதல் சாமான்.

சாயங்காலம் நாலரைக்குப் போய் நைலான் நரம்பு வலையை நீளமாக விட்டுவிட்டு வருகிறோம். தெர்மாகோல் துண்டுகள்தான் மிதவை. காலையில் வெளிச்சம் வந்ததும் போய் வலையைத் தூக்கி, மாட்டியிருக்கும் மீனைக் கழற்றுவது. ஜிலேபி மீனைக் கழற்றினால் முதுகு முள் கையைக் கிழிக்கும். முதலில் முள்ளைப் பின்பக்கமாகத் தடவிப் படுக்க வைத்துவிட்டுப் பிடிக்க வேண்டும்.

புரட்டாசி என்பதால் வாங்க ஆளில்லை. ஏரிக்கரையில் தட்டில் மீனைப் பரப்பிவைத்து உட்கார்ந்தால் காக்கைதான் விலை கேட்கிறது.

லைஃப் ஜாக்கெட்டை இவர் போட்டுக்கொள்வதில்லை. ஆரஞ்சு கலரில் இருக்கிறதாம், எல்லோரும் என்ன ஏது என்று கேட்பார்களாம். மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறார்.

அக்டோபர் 15

மாத்திரை சரி. வலிப்பு இல்லை. மழை.

அக்டோபர் 19, ஞாயிறு

மாத்திரை சரி. வலிப்பு இல்லை.

புரட்டாசி முடிந்தது. நாளை தீபாவளி. இன்று ஏரிக்கரையில் கார் நிறுத்த இடமில்லை. அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு மாதப் பசியோடு வந்திருந்தார்கள். கட்லாவைத் தலையோடு கேட்டவர்கள், தலையில்லாமல் கேட்டவர்கள், "இது ஏரி மீன்தானா, பண்ணை மீனா?" என்று ஈரப் பரிசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டவர்கள். எட்டரை மணிக்குத் தட்டு காலி.

கன்னியப்பன் அண்ணன் பத்தடி தள்ளி உட்கார்ந்து விற்றார். இப்போது தனியாகத்தான் போகிறார். நான் சிரித்தேன். அவர் தராசைத் துடைத்தார். எங்கள் மகள் காது குத்துக்கு மாமன் முறைக்கு நின்றவர். அவரைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. மாத்திரை சரி. வலிப்பு இல்லை. வெடிச் சத்தத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இவரை விட்டு நகரவில்லை. "ஏன் என் பின்னாடியே வர்ற?" என்றார். சும்மா என்றேன்.

ஓசூரிலிருந்து மகள் பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாக இருக்கிறார் என்றேன்.

அக்டோபர் 24

மாத்திரை இரண்டு வேளையும். வலிப்பு இல்லை.

நாலு நாள் மழையில் வரத்துக் கால்வாயில் செந்தண்ணீர் வருகிறது. புதுத் தண்ணீரின் வாசனைக்கு மீன் எல்லாம் கால்வாய் வாய்க்கு ஏறும் என்று இவர் சொன்னதுபோலவே இன்று வலை கனத்தது. ரோகு ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். நான் இழுக்க, இவர் கழற்ற.

பாதி வலையில் இவர் நிறுத்தினார். மிதவை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தார். உதடு எதையோ மெல்லுவதுபோல் சப்புக்கொட்டியது. "ஏங்க" என்றேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டேன். கண் திறந்திருந்தது. என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. பிறகு தானாகவே, "இன்னா பாத்துக்கினு கீற, இழு" என்றார்.

களைப்புதான். ராத்திரி மழைச் சத்தத்தில் சரியாகத் தூங்கவில்லை. வலிப்பு என்றால் கைகால் உதறும். உதறவில்லை. எனவே மேலே எழுதியிருப்பது சரிதான்.

அக்டோபர் 25

மாத்திரை சரி. வலிப்பு இல்லை. ரோகு இன்றும் நிறைய.

அக்டோபர் 30

மாத்திரை சரி. வலிப்பு இல்லை.

ஏரி முக்கால் நிரம்பிவிட்டது. மதகுப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். எந்த நேரமும் ஷட்டர் திறப்பார்களாம். நாங்கள் வலையை மேற்குப் பக்கம் மாற்றிவிட்டோம். கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற இடம். அங்கே விரால் இருக்கும். இன்று ஒன்று மாட்டியது. கழற்றும்போது வழுக்கிப் பரிசலுக்குள் விழுந்து என் புடவைக்குள் புகுந்தது. நான் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்தது. இவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்துப் பார்த்தது.

திரும்பி வரும்போது துடுப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. போன வாரம்போலவே. நான் மனதுக்குள் எண்ணினேன். நாற்பத்தைந்து வரை.

சாயங்காலம் நோட்டை எடுத்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"இன்னான்னு?"

"இல்லைன்னு."

தலையை ஆட்டிவிட்டு வலை பொத்தல் தைக்கப் போனார். எழுதினால் டிசம்பரில் அந்த அம்மா, ஏரியே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அப்புறம் இவர் என்ன செய்வார்? கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாரா? டாக்டருக்கு விரால் தெரியுமா, இவர் சிரிப்பு தெரியுமா?

நவம்பர் 2, ஞாயிறு

மாத்திரை சரி. வலிப்பு இல்லை. நல்ல விற்பனை. தொண்டை கரகரப்பு, எனக்கு.

நவம்பர் 3

மாத்திரை சரி. எனக்குக் காய்ச்சல். வலை தூக்க இன்று போகவில்லை. நேற்று விட்ட வலை ஏரியில் இருக்கிறது, மீன் செத்து நாறும் என்று புலம்பினார். நாளைக்கு எப்படியும் வருகிறேன் என்றேன்.

நவம்பர் 5

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நடந்தபடியே.

காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுத்தவள் விடிந்ததே தெரியாமல் தூங்கிவிட்டேன். எழுந்தபோது மணி ஆறரை. பக்கத்தில் பாய் காலி. துடுப்பு இல்லை. லைஃப் ஜாக்கெட் மட்டும் கொடியில் தொங்கியது.

கரைக்கு ஓடினேன். எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு ஐந்து நிமிஷம். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. செருப்பு இல்லை. கரைமேல் ஏறிப் பார்த்தால் ஏரி விளிம்பு வரை நிற்கிறது. முந்தின நாள் சாயங்காலமே இரண்டு ஷட்டர் திறந்திருந்தார்கள். தண்ணீர் கீழே விழுகிற இரைச்சல் கரை முழுக்கக் கேட்டது.

எங்கள் நீலப் பரிசல் நடு ஏரியில் இருந்தது. அதில் ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. பரிசல் சுற்றிக்கொண்டே மெல்ல மதகுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் ஆளே இல்லை என்று நினைத்தேன். அப்புறம் விளிம்புக்கு மேல் ஒரு கால் தெரிந்தது. அந்தக் கால் உதறியது.

மேற்குப் பக்கக் கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பரிசல்தான் இருந்தது. கன்னியப்பன் அண்ணன்.

"அண்ணா!" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்ததும் திரும்ப வலைக்குக் குனிந்தார். ஏதோ மீன் விஷயம் என்று நினைத்திருப்பார், அல்லது பேச விருப்பமில்லை. கரையில் அதற்குள் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், மீன் வாங்க வந்தவர்கள், சங்கத்து ஆட்கள் மூன்று பேர், எல்லோரும் நின்றிருந்தார்கள்.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "அண்ணா! அவருக்கு வலிப்பு வந்துடுச்சி! அவருக்கு வலிப்பு நோய்ண்ணா! தனியா கீறார்!"

தண்ணீர்மேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று நேற்றுதான் தெரிந்தது. கரை முழுக்கக் கேட்டது. ஏரி முழுக்கக் கேட்டது.

அண்ணன் வலையை அப்படியே அறுத்துவிட்டார். அவர் துடுப்புப் போட்ட வேகத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. எங்கள் பரிசல் சுற்றிச் சுற்றி மதகுக்குப் போகிறது, அவர் குறுக்கே வருகிறார், நான் கரைமேல் கூடவே ஓடுகிறேன். மதகுக்கு இன்னும் ஒரு தெரு நீளம் இருக்கும்போது எங்கள் பரிசலைக் கையால் எட்டிப் பிடித்தார். அரைஞாண் கயிறு மாதிரி தன் இடுப்பில் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து இரண்டையும் சேர்த்துக் கட்டினார்.

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க! கையில சாவி எதுவும் குடுக்காதீங்க! வாய்ல ஒண்ணும் வைக்காதீங்க!" டாக்டர் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தேன்.

கரைக்கு வந்தபோது இவர் கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்து, "காய்ச்சல் விட்டுதா?" என்றார். வாயோரம் ரத்தம். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. உட்கார மட்டும் செய்தேன்.

அண்ணன் மூச்சு வாங்க நின்றார். "ஆடியிலயே தெரியும்மா" என்றார். "பித்த மயக்கத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? என் மடியில தலைய வெச்சிக்கினுதான கொண்டாந்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். சொல்லல. சரி, என்ன வேத்தாளா நெனச்சிட்டாங்கன்னு விட்டுட்டேன்."

இவர் கையை நீட்டினார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

நவம்பர் 6

ஆஸ்பத்திரி. டிசம்பர் வரை காத்திருக்காமல் போய்விட்டோம். நோட்டை டாக்டர் அம்மாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு தேதிக்கும் முதல் வரியை மட்டும் பார்த்துப் புரட்டிக்கொண்டே வந்தார்.

"செவ்வாய்க்கிழமை வந்ததுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா?"

"அதுல நான் பொய் எழுதியிருக்கேம்மா" என்றேன். "அக்டோபர் இருபத்துநாலு, முப்பது, ரெண்டு நாளும் அப்படியே செலை மாதிரி இருந்தார். நான் இல்லைன்னு எழுதிட்டேன்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "முப்பதாம் தேதி எனக்குத் தெரியும்" என்றார். "இருபத்துநாலு தெரியாது. ஆனா பதினேழாம் தேதி ஒண்ணு, தீபாவளிக்கு மறுநா ஒண்ணு. வாயில இரும்பு மாதிரி ஒரு ருசி வரும். அப்பால கொஞ்ச நேரம் காணாமப் போன மாதிரி இருக்கும். இதுங்கிட்ட சொல்லல."

பதினேழாம் தேதி நான் அவருக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மீன் எண்ணிக்கொண்டு.

டாக்டர் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ரெண்டு பேரோடதையும் கூட்டினா பெரிசு ஒண்ணு, சின்னது நாலு" என்று எழுதிக்கொண்டார். "அந்தச் சின்னதும் வலிப்புதான். அப்பவே வந்து சொல்லியிருந்தா போன மாசமே மாத்திரைய ஏத்தியிருப்பேன். இப்ப குடுத்தது ஆரம்ப அளவுதாங்க. பத்தலை, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். ஆனா ஒரு மாசம் தண்ணிக்குப் போகக்கூடாது. இதுல பேரம் கிடையாது."

இவர் சரி என்றார். பேரமே பேசவில்லை. வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு இளநீர் வாங்கினார். "நீ எனக்காகப் பொய் எழுதின, நான் உனக்காகப் பொய் சொன்னேன். பெரிய ஆளுங்கதான் நம்ம" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக என் நெஞ்சில் எதையோ வைத்து அழுத்திக்கொண்டிருந்ததே, அது எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. இளநீர் குடிக்கும்போது இல்லை.

நவம்பர் 7

மாத்திரை, புது அளவு. வலிப்பு: சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. இருவரையும் கேட்டு எழுதியது.

சாயங்காலம் சங்கத் தலைவர் எத்திராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். பாஸைக் கேட்கத்தான் வருகிறார் என்று நானே எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இது இன்னாத்துக்கு?" என்றார்.

"நீங்க வாங்கிக்குவீங்கன்னு… நெஞ்சுவலிக்காரருக்கு அப்படித்தான செஞ்சீங்க."

"நானா? அந்த ஆளு மகன் வீட்டோட போறேன்னு அதுவா கொண்டாந்து குடுத்துச்சும்மா. நான் புடுங்கிட்டேன்னா ஊர்ல சொல்லிக்கினு கீறாங்க?" மனிதருக்கு முகமே வாடிவிட்டது. காப்பி கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. "டாக்டர் சீட்டு ஒண்ணு குடுங்க. உன் பேர்லயும் ஒரு பாஸ் எழுதித் தரேம்மா. நீ பரிசல் நல்லாத்தான் ஓட்டற, பாத்துக்கினுதான் கீறேன்" என்றார்.

மகளிடமும் போனில் சொல்லிவிட்டோம். அரை மணி நேரம் திட்டினாள். இவ்வளவு நாள் சொல்லாததற்கு மட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

மாத்திரை சரி. ஒன்றும் இல்லை.

நானும் கன்னியப்பன் அண்ணனும் பரிசலில். இவர் கரையில் மீன் விற்கிறார். விற்கத் தெரியவில்லை. விலை கேட்டவர்களிடம், "நீங்களே பாத்து எடுத்துக்கங்க" என்கிறார். ஒரு குழந்தை மீனைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது என்று அதற்கு ஒரு கெளுத்தியை இனாமாகக் கொடுத்திருக்கிறார். கெளுத்தி முள் குத்தும் என்பதால் அவரே கூடப் போய்க் கார் வரை தூக்கி வைத்திருக்கிறார்.

ஊரில் நான்கு பேர் வந்து விசாரித்தார்கள். அதில் இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இருப்பதாகக் குரலைத் தாழ்த்திச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். சித்தப்பாவைப் பற்றிய பேச்சை இவர் அதன்பிறகு எடுக்கவில்லை.

நவம்பர் 16

ஒன்றும் இல்லை. கட்லா, ஆறு கிலோவுக்கு ஒன்று. அண்ணன் பிடித்தது என்கிறார். நான் பிடித்தது.

நவம்பர் 22

மாத்திரை சரி. ஒன்றும் இல்லை. முதல் வாரம் புது அளவுக்குக் கொஞ்சம் தள்ளாட்டம் இருந்தது. இப்போது இல்லை.

புயல் சின்னம் என்று மூன்று நாள் ஏரிக்கு யாரும் போகவில்லை. மூவரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அன்று அண்ணன் அறுத்துவிட்ட வலையைச் சேர்த்துத் தைத்தோம். வலையை இவர் மறுநாளே ஆள் விட்டு எடுத்துவரச் செய்திருந்தார். தைக்கத் தைக்க இருவரும் பழைய கதைகள். பதினாறு வருஷத்துக் கதையில் பாதி எனக்குத் தெரியாதது. மீதிப் பாதி எனக்கு வேறு மாதிரிச் சொல்லப்பட்டது.

நவம்பர் 30, ஞாயிறு

ஒன்றும் இல்லை.

டிசம்பர் 5

ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா நோட்டை முதலிலிருந்து படித்தார். மருந்துக்காகப் புரட்டியவர், விரால் புடவைக்குள் போன இடத்தில் நின்று சத்தமாகச் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை என்பது நல்ல அடையாளம் என்றார். மாத்திரையை ஒரு வேளை விட்டாலும் எல்லாம் வீண் என்று இரண்டு தடவை சொன்னார். ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஆள் துணையோடு, மதகுப் பக்கம் போகாமல், அடுத்த வாரத்திலிருந்து ஏரிக்குப் போகலாம். இனி தினம் எழுத வேண்டியதில்லை, ஏதாவது வந்தால் எழுதினால் போதும்.

"ஆனா மீன் கதைய எழுதுங்க" என்றார்.

டிசம்பர் 13, சனி

ஒரு வாரமாக எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் இல்லை. இவர் ஏரிக்கு வந்து இன்றோடு மூன்றாம் நாள். ஆரஞ்சு ஜாக்கெட்டோடு. முதல் நாள் அண்ணன், "இன்னாடா, ஏரியில போக்குவரத்து போலீஸ் விட்டுட்டாங்களா?" என்றதோடு சரி. இவரும் நானும் நீலப் பரிசலில், அண்ணன் தன் பரிசலில் கூப்பிடு தூரத்தில். தான் வந்துவிட்டதால் இனி நான் வீட்டில் இருக்கலாம், அண்ணனும் தானும் முன்புபோல் போய்க்கொள்கிறோம் என்று இவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். "எம்பேர்ல பாஸ் கீது" என்றேன்.

மழை ஓய்ந்துவிட்டது. ஷட்டரை மூடிவிட்டார்கள். இன்று காலை ஏரியில் அலை இல்லை. பனி லேசாக இறங்கி, அடுக்குமாடி வீடுகளின் கீழ்ப்பாதி காணாமல் மேல்பாதி மட்டும் நின்றது. இரண்டு வலை தூக்கிவிட்டு மூன்றாவது வலைக்கு நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்தினார்.

நிமிர்ந்து பார்த்தேன். தலை தொங்கியிருந்தது. கை மடியில் கிடந்தது.

துடுப்பைப் போட்டுவிட்டு முட்டி போட்டு அவர் பக்கம் நகர்ந்தேன். பரிசல் ஆடியது. முகத்துக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கண் மூடியிருந்தது. உதடு அசையவில்லை. எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு என்று சொல்லும்போது குறட்டை விட்டார்.

நல்ல, முழுக் குறட்டை. வீட்டில் என்றால் தோளைப் பிடித்துத் திருப்பிப் படுக்க வைத்திருப்பேன்.

"இன்னா ஆச்சு தங்கச்சி?" அண்ணன் தன் பரிசலில் எழுந்தே நின்றுவிட்டார்.

"தூங்குறார்ண்ணா."

"மெய்யாவா?"

"மெய்யாதான். குறட்டை கேக்கலையா?"

அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டார். அங்கேயே கேட்டிருக்கும். உட்கார்ந்தார். "தூங்கட்டும்" என்றார்.

மூன்றாவது வலையை நான் தனியாகவே தூக்கினேன். ஜிலேபிகள் துள்ளி இவர் காலில் விழுந்தன. எழுந்திருக்கவில்லை. அண்ணன் எங்களைத் தாண்டிப் போகும்போது துடுப்பைத் தண்ணீரில் சத்தமில்லாமல் வைத்து வைத்து எடுத்துக்கொண்டு போனார்.